கடைசி அடுக்கின் பற்கள்

துர்கா இரண்டு வருஷத்தில் அறுநூற்று நாற்பது மான் பற்களைப் பார்த்தாள். அந்த மான்களில் ஒன்றைக்கூட இன்று இருக்கிறவர்கள் யாரும் பார்த்ததில்லை. அந்த இனமே அழிந்து எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது.

அதற்கு முன்னால் அவள் பார்த்ததெல்லாம் மனிதர்களின் பல். நெல்லித்தோப்பில் ஒரு லேபில் பத்தொன்பது வருஷம் பல் செட் செய்தாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மாவு ஊற்றி, காய்ந்ததும் பிரித்து, ராவி, மெருகு போட்டுத் திருப்பி அனுப்புவது வேலை. பல்லைக் கம்ப்யூட்டரே கடைந்து தரும் மெஷின் ஒன்று வந்ததும் நான்கு பெண்களை நிறுத்திவிட்டார்கள். நாற்பத்தேழு வயதில் இனி எங்கே போவது என்று கருவடிக்குப்பத்து வீட்டில் அவள் உட்கார்ந்திருந்தபோது, தெரிந்த பல் டாக்டர் ஒருவர் சொல்லி சுலோசனா போன் செய்தாள்.

சுலோசனாவுக்கு முப்பத்தாறு வயது. பாகூர் பக்கத்துக் கிராமத்தில் நெல் விவசாயம் பண்ணும் குடும்பம். அழிந்துபோன விலங்குகளின் பற்களைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். உப்பளம் பகுதியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில், பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவரின் வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம் நடந்துகொண்டிருந்தது. சொல்தாவின் பிள்ளைகள் எல்லாம் பாரீசில். மாடியில் ஜன்னலோரம் ஒரு மைக்ரோஸ்கோப், சுவர் முழுக்க இழுப்பறைகள். அதுதான் சுலோசனாவின் லேப்.

முதல் நாள் துர்கா ஒரு பல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கன்னுக்குட்டியோட பல்லா மேடம் இது?"

"இல்லக்கா. முழுசா வளந்த மான். நின்னா உங்க இடுப்புக்குக்கூட வராது."

"பல்லு மட்டும் இவ்ளோ ஒசரமா இருக்குதே."

"அதான் கேள்வியே," என்று சுலோசனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இதைச் சொல்ல ஆள் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம். "ஜப்பானுக்குத் தெக்க ஒரு தீவுக்கா. ஒரு காலத்துல கடல் மட்டம் தாழ்ந்து கெடந்துச்சு. அப்ப எப்படியோ பெரிய மானுங்க அங்க போய்ச் சேந்துச்சு. அப்பறம் கடல் ஏறிடுச்சு. திரும்பி வர வழியில்ல. அங்க புலியும் கெடையாது, ஓநாயும் கெடையாது. ஆனா தீனி கொஞ்சம்தான். பெரிய உடம்பு தாங்காது. தலைமுறை தலைமுறையா சின்னதாயிட்டே வந்துச்சு."

"சரி, பல்லு?"

"பல்லு உசந்துச்சு. புலி கொல்லலன்னாலும் மானுக்குப் பல்லு தேஞ்சு முடிஞ்சா சாவு வந்துரும். மெல்ல முடியாது, பட்டினியாவே செத்துரும். கொஞ்சம் உசந்த பல்லோட பொறந்தது ரெண்டு வருஷம் கூட இருந்து, ரெண்டு குட்டி கூடப் போடும். அதுங்க பல்லும் உசரமா இருக்கும். அப்படியே போயிருக்கும்னு நெனக்கிறோம். ஆனா பல்லை அவ்வளவு தேய்க்கிற மாதிரி அதுங்க என்ன தின்னுச்சு? அதைத்தான் நாம கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிக்கும் விதம் துர்காவுக்குப் பாதிக்கு மேல் தெரிந்த வேலையாகவே இருந்தது. பல்லைக் கழுவி, ரப்பர் மாவில் அச்சு எடுத்து, அச்சில் ரெசின் ஊற்றினால் கண்ணாடி மாதிரி இன்னொரு பல் கிடைக்கும். அதை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்துப் பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்தால், வெறும் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடத்தில் கோடுகளும் குழிகளும் எழுந்து நிற்கும். கண் வைத்துப் பார்க்கும் இரண்டு லென்சில் வலது பக்கத்து லென்சுக்குள் கட்டம் போட்ட ஒரு கண்ணாடி வில்லை இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் எத்தனை கீறல், எத்தனை குழி என்று எண்ணி நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும். தரையோடு மேயும் மான் புல்லோடு மண்ணையும் சேர்த்து மெல்லும். பல்லில் கீறல் நிறைய விழும். மரத்து இலையைத் தின்னும் மானுக்குக் கீறல் குறைவு.

துர்கா எண்ணுவதைப் பார்த்துச் சுலோசனாவே அசந்துபோனாள். ஒரே பல்லை இரண்டு வாரம் கழித்துச் சொல்லாமல் கொடுத்தாலும் அதே எண்ணிக்கை வரும். சில நேரம் ஒன்று கூடும், ஒன்று குறையும், அவ்வளவுதான். பற்கள் பெட்டி பெட்டியாக வந்தன; ஒவ்வொரு பெட்டியிலும் பத்தில் ஒரு பல்லை இப்படி மறுபடி கொடுத்துச் சோதிப்பது வழக்கம். முதல் இரண்டு பெட்டிக்கும் சுலோசனா அதைச் செய்தாள்.

பற்கள் ஒரு சுண்ணாம்புப் பாறைப் பிளவிலிருந்து வந்தவை. ஆயிரக்கணக்கான வருஷமாக மான்கள் அந்தப் பிளவுக்குள் விழுந்து, எலும்பு அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தது. மொத்தம் ஐந்து அடுக்கு. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது கடைசிக் காலத்து மான்கள். அந்தத் தீவின் மியூசியம் அடுக்குக்கு ஒரு பெட்டியாக, ஒன்று திரும்பிப் போனால்தான் அடுத்ததை அனுப்பும். அதனால் வேலை அடி அடுக்கிலிருந்து மேலே மேலே வந்தது.

மூன்றாவது பெட்டி வந்தது ஆடி மாசம். பெட்டி வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை துர்காவும் அவள் புருஷன் கோவிந்தசாமியும் வீராம்பட்டினம் தேருக்குப் போயிருந்தார்கள். கூட்டத்தில் நின்று பார்த்தபோது எதிரே இருந்த விளக்குக் கம்பம் நடுவில் லேசாக வளைந்த மாதிரி அவளுக்குத் தெரிந்தது. வண்டி இடித்திருக்கும் என்று நினைத்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தபோதும் அப்படியே இருந்தது. மோர் விற்கிறவன் வந்தான், அதை மறந்துவிட்டாள்.

அவளுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். மாத்திரை வாங்குவதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் வரிசையில் நிற்க வேண்டும். உப்பளத்து லேபுக்குப் பஸ் பிடிக்க வேண்டியதும் அதே நேரம்தான். முதலில் ஒரு மாசம் விட்டாள், பிறகு அடுத்த மாசமும் விட்டாள். உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. கோவிந்தசாமி கேட்டால், "சாப்புட்டுட்டுதான் இருக்கேன்" என்பாள். வேலை பார்த்த மில் மூடின பிறகு அவர் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. வேலை முடிந்து வந்து படுத்தால் அவருக்கு எழுந்து கேட்கத் தெம்பு இருக்காது.

மூன்றாவது பெட்டியில் கீறல்கள் குறைந்தன. முதல் பெட்டியில் ஒரு பல்லுக்குச் சராசரி இருபத்தேழு, இரண்டாவதில் இருபத்தாறு. மூன்றாவதில் இருபத்திரண்டு. சுலோசனா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நாலாவது பெட்டி பாதி போனபோது எண்ணிக்கை பதினேழுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் துர்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது என்ன தெரியுமா? மேல வர வர மானுங்க புல்லை விட்டுட்டு எலை தின்ன ஆரம்பிச்சிருக்கு. காடு திரும்ப வளந்திருக்கு. தீனி தாராளமா இருந்திருக்கு."

"நல்லதுதானே."

"நல்லது. ஆனா அப்பவும் அழிஞ்சுபோச்சு பாருங்க. தீனி இருக்கும்போது ஏன் அழியணும்? அப்ப பட்டினி காரணம் இல்ல. வேற யாரோ வந்து கொன்னுருக்காங்க. மனுஷந்தான்."

அன்றிலிருந்து சுலோசனா நடக்கும் நடையே மாறிவிட்டது. நிலையத்தின் தலைவர் ஜானகிராமன் மாடிக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தார். அடியிலிருந்து மேலே கோடு அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. "இது பெரிய பத்திரிகைக்குப் போகும்மா," என்றார். சுலோசனாவின் வேலை மூன்று வருஷ ஒப்பந்தம். அது நீளுவது இந்தக் கட்டுரையில்தான் இருந்தது. மூன்றாவது பெட்டியிலேயே விட்டுப்போயிருந்த மறுசோதனை, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அடியோடு நின்றுபோனது. துர்கா அக்கா எண்ணினால் சரியாக இருக்கும் என்பது அதற்குள் அந்த லேபில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

துர்காவுக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. கட்டத்தின் கோடுகள் சில நாள் அலையலையாகத் தெரிந்தன. லென்சைத் துடைத்தாள். விளக்கை மாற்றிச் சாய்த்தாள். ரெசின் சரியில்லையோ என்று புது டப்பா உடைத்தாள். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தால் கோடு தெளிவது மாதிரி இருந்தது. அப்படியே சாய்த்து எண்ணப் பழகிக்கொண்டாள். சுலோசனா ஒரு நாள், "கழுத்து வலியாக்கா?" என்று கேட்டாள். "ஆமாம் மேடம், தலகாணி சரியில்ல," என்றாள் துர்கா.

கடைசி அடுக்கின் பெட்டி தை மாசம் முடிந்தது. சராசரி பன்னிரண்டு கீறல். மாசியில் கட்டுரை போய்விட்டது.

பங்குனியில் ஒரு சாயங்காலம் கருவடிக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் கோவிந்தசாமி அவளுக்காக நின்றிருந்தார். துர்கா இறங்கினாள். எதிரே வந்த இன்னொரு பஸ்ஸின் நம்பரைப் பார்க்க அவள் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டதை அவர் பார்த்தார்.

"இன்னாத்துக்குக் கண்ணப் பொத்துற?"

"அப்பிடிப் பாத்தா தெளிவா கீது."

"எத்தினி நாளா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு அவளைக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்து, முறை வந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். கண் டாக்டர் ஒரு சின்னப் பெண். ஒரு வெள்ளை அட்டையை நீட்டினாள். அட்டை நிறையக் கறுப்புக் கோட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி.

"இடது கண்ணை மூடிட்டு, வலது கண்ணால நடுப்புள்ளியப் பாருங்கம்மா. கோடெல்லாம் நேரா தெரியுதா?"

நடுப்புள்ளி இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அதைச் சுற்றிக் கட்டங்கள் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தன. கறைக்குள் கோடே இல்லை. துர்கா இடது கண்ணால் பார்த்தாள். எல்லாக் கட்டமும் அங்கே இருந்தது.

"நேரா தெரியுதாம்மா?" என்று டாக்டர் மறுபடி கேட்டாள்.

"இல்ல."

"சர்க்கரை எவ்வளவு நாளா இருக்கு? மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா? இப்படித் தெரிய ஆரம்பிச்சு எத்தன மாசம் இருக்கும்?"

துர்கா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடி மாசத்திலேந்து," என்றாள். சொல்லி முடித்ததும்தான் அவளுக்கு உறைத்தது. மூன்றாவது பெட்டி ஆடி மாசம்.

சர்க்கரையால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருக்கிறது என்றார்கள். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாசம் ஒன்று, குறைந்தது மூன்று. இடது கண்ணிலும் ஆரம்பம் இருக்கிறது, ஆனால் காப்பாற்றிவிடலாம். வலது கண்ணில் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. பஸ்ஸில் வரும்போது கோவிந்தசாமி அவளைத் திட்டவில்லை. "முன்னமே சொல்லிக்கலாமே," என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். துர்கா தலையை ஆட்டினாள். அவர் கண்ணைப் பற்றிச் சொல்கிறார். அவளுக்கோ மனசெல்லாம் நோட்டிலேயே இருந்தது.

மறுநாள் லேபுக்குப் போய் நோட்டை எடுத்துத் தேதி தேதியாகப் பார்த்தாள். ஆடி வரைக்கும் எண்கள் மேலும் கீழுமாக ஒரே மட்டத்தில் கிடந்தன. ஆடிக்குப் பிறகு வாரா வாரம் இறங்கின. மானுக்குத் தீனி மாறியதாகச் சொன்ன கோடு அவளுடைய கண் இறங்கிய கோடாக இருக்கலாம். நிச்சயம் என்று சொல்ல அவளுக்குப் படிப்பு இல்லை. ஆனால் தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மேடத்திடம் போய் நின்றாள், "ஊசி போட மாசத்துல ஒரு நாள் லீவு வேணும், கண்ணு கொஞ்சம் சரியில்ல," என்று மட்டும் சொன்னாள். "ஐயோ, பாத்துக்குங்கக்கா," என்றாள் சுலோசனா. அடுத்த வாரம் பத்திரிகையிலிருந்து கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. ஜானகிராமன் ஜாங்கிரி வாங்கி வரச் சொன்னார். சுலோசனா ஒரு துண்டை எடுத்து, "உங்களுக்குச் சர்க்கரைன்னு தெரியும், கொஞ்சூண்டு மட்டும்," என்று துர்காவின் வாயில் வைத்தாள். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் துர்காவின் பெயர் இருப்பதைத் திரையில் காட்டினாள். பல் லேபில் பத்தொன்பது வருஷத்தில் அவள் பெயரை எங்கேயும் போட்டதில்லை.

அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, சுலோசனா வந்து பையை மாட்டுவதற்கு முன்பே எழுந்து நின்றாள்.

"மேடம், அந்த எண்ணிக்கை தப்பா இருக்கலாம்."

"எந்த எண்ணிக்கை?"

"ஆடிக்கு அப்பறம் எண்ணினது எல்லாம்."

அட்டையைப் பற்றிச் சொன்னாள். கட்டத்துக்குள் கோடு காணாமல் போனதைச் சொன்னாள். கட்டம் உள்ள லென்சு வலது பக்கம், கெட்டுப்போன கண்ணும் வலது கண் என்றாள். சுலோசனா நின்றபடியே கேட்டாள். பை கையிலேயே இருந்தது.

"உங்களுக்கு அப்பவே தெரியுமாக்கா?"

"கண்ணுன்னு தெரியாது. ஏதோ சரியில்லன்னு தெரியும்." துர்கா கொஞ்சம் நிறுத்தினாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "இன்னொண்ணும் கீது மேடம். சில கீறல் இருக்கா இல்லயான்னு சந்தேகமா இருக்கும். முன்னெல்லாம் அப்பிடி இருந்தா திருப்பித் திருப்பிப் பாத்து எண்ணிடுவேன். கடைசி ரெண்டு பெட்டில அதையெல்லாம் விட்டுட்டேன். கம்மியா வந்தா உங்க முகம் மலந்துச்சு. அதனால விட்டுட்டேன்."

சுலோசனா நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே தெருவில் ஐஸ் கட்டி ஏற்றிய வண்டி ஒன்று துறைமுகத்துப் பக்கம் போனது.

"நான் கேட்டேனா உங்கள? கம்மியா எண்ணுங்கன்னு கேட்டேனா?"

"இல்ல மேடம்."

"ஒரு வார்த்தை. ஆடியிலேருந்து தைக்குள்ள ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

துர்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சுலோசனா மேஜையைப் பார்த்துக்கொண்டே, குரல் தணிந்து சொன்னாள்: "பத்துல ஒண்ணு மறுபடி குடுத்துப் பாத்திருந்தா மூணாவது பெட்டிலயே தெரிஞ்சிருக்கும். நான் குடுக்கல. நீங்க தலைய சாய்ச்சு சாய்ச்சு எண்ணினதப் பாத்தேன். கழுத்து வலியான்னு கேட்டுட்டுப் போயிட்டேன்."

அன்று பிற்பகலே அவள் இழுப்பறைகளிலிருந்து ரெசின் பற்களை எடுத்தாள். அடுக்குக்குப் பன்னிரண்டாக அறுபது. அடுக்கின் பெயர் தெரியாதபடி ஒவ்வொன்றின் அடியிலும் காகிதம் ஒட்டி, துர்காவைக் கலக்கிவிட்டுப் புது எண் போடச் சொன்னாள். பிறகு தானே மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தாள். அவளுக்குத் துர்காவின் வேகம் கிடையாது. ஒரு பல்லுக்கு அரைமணி நேரம் ஆனது. ஒன்பது நாள் எண்ணினாள். அந்த ஒன்பது நாளும் துர்கா அச்சுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டு அதே அறையில் இருந்தாள். தேவைக்கு மேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் காகிதங்களை உரித்து அடுக்குவாரியாகப் பிரித்துப் போட்டார்கள். முதல் அடுக்கு இருபத்தேழு. இரண்டாவது இருபத்தாறு. மூன்றாவது இருபத்தேழு. நாலாவது இருபத்தெட்டு. கடைசி அடுக்கு முப்பத்து நாலு.

கோடு இறங்கவே இல்லை. கடைசியில் ஏறியிருந்தது.

ஜானகிராமன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். ஆறு மாசத்தில் ஓய்வு பெறப் போகிறவர். கதவைச் சாத்தச் சொன்னார். துர்கா நோட்டோடு ஒரு ஓரமாக நின்றிருந்தாள். அவளை வெளியே போகச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"அறுபது பல்லு போதாதும்மா. அறுநூத்தி நாப்பதுக்கு எதிரா அறுபதை வெச்சு எப்படிச் சொல்லுவ?"

"மிச்சத்தையும் எண்ணுறேன் சார். வேற மாதிரி வராது."

"நீ பொய் சொல்லல. தெரியாம நடந்தது. கட்டுரை வரட்டும். அடுத்த வருஷம் இன்னொரு கட்டுரை எழுதி நீயே திருத்திக்கோ. அதுக்குள்ள உன் வேலை உறுதியாயிடும்."

"அதுக்குள்ள நாலு பேர் இதை எடுத்து எழுதிடுவாங்க சார். மனுஷன் கொன்னான்னு."

"கொல்லலன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. எதுவுமே தெரியாதுன்னுதான் சொல்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை வாபஸ் வாங்கினா உன் ஒப்பந்தத்தை நீட்ட என்கிட்ட ஒண்ணும் இருக்காது. யோசிச்சுச் சொல்லு."

சுலோசனா இரண்டு நாள் யோசித்தாள். அந்த இரண்டு நாளும் துர்கா அவளை நேராகப் பார்க்கவே பயந்தாள். அப்படியே விட்டுவிடுங்கள் மேடம் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதைச் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்றும் தெரிந்தது. மூன்றாம் நாள் சுலோசனா பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டாள். அனுப்புவதற்கு முன் துர்காவுக்குத் தமிழில் சொன்னாள். எண்ணியவரின் பார்வை குறைந்துவந்ததை உரிய நேரத்தில் சோதித்து அறியத் தவறிவிட்டேன், பிழைக்கு நானே பொறுப்பு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்பது கடிதத்தின் சாரம்.

"அதுல என் பேரு இருக்குதா?"

"இல்ல. நன்றி சொன்ன எடத்துல இருந்துச்சு. கட்டுரையே இல்லன்னா அதுவும் இல்ல."

வைகாசியோடு சுலோசனாவின் ஒப்பந்தம் முடிந்தது. நிலையம் அந்த மாடியை வேறு வேலைக்குக் கேட்டது. ரெசின் பற்களை மியூசியத்துக்கே அனுப்பிவிடுவது என்று முடிவானது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றினார்கள். கடைசி அடுக்கு வந்தபோது துர்கா ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் இடது கண்ணருகே வைத்துப் பார்த்தாள். உசந்த பல்லாகவே பிறந்து, அந்த உசரமெல்லாம் தேய்ந்து ஈறுவரை வந்திருந்தது. எண்ணும்போது இதைக் கவனித்திருக்கிறாள். ஆனால் அப்போது கட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் வேலை.

"இதுங்க கடைசில பட்டினியாவா செத்துச்சு?"

"தெரியலக்கா." சுலோசனா பஞ்சைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். "என்ன தின்னுச்சுன்னு மட்டும்தான் பல்லு சொல்லும், அதுவும் சாவுறதுக்கு முந்தின கொஞ்ச நாள் தின்னது. மண்ணோட சேத்து எதையோ சொரண்டித் தின்னிருக்கு. மேல எலை இருந்திருந்தா அப்படித் தின்னுருக்காது. அவ்வளவுதான் சொல்லலாம். ஏன் அழிஞ்சுச்சுன்னு இத வெச்சு யாரும் சொல்ல முடியாது."

"மான் எலை தின்னுச்சுன்னு நீங்க சொன்னப்ப எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமா இருந்துச்சு."

"எனக்கும்தான்," என்றாள் சுலோசனா.

மூன்று ஊசியும் போட்டு முடித்தபோது ஆனி மாசம். வலது கண்ணில் வீக்கம் வடிந்தது. ஆனால் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் முகத்தைப் பார்த்தால் மூக்கும் வாயும் இருக்காது, காதும் முடியும் மட்டும் தெரியும். இனி இப்படித்தான் என்றாள் டாக்டர். இடது கண் நன்றாக இருந்தது. கோவிந்தசாமி வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை எடுத்து நீட்டி, அவள் விழுங்குகிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினார். எல்லா நாளும் அப்படித்தான்.

மூன்றாவது ஊசி போட்ட நாளில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. துர்கா தனியாகக் கதிர்காமத்துக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வலது பக்கம் என்பதால் திரும்பிப் பார்த்த பிறகுதான் யாரென்று தெரிந்தது. சுலோசனா.

"தேதி ஞாபகம் இருந்துச்சு," என்றாள்.

பிறகு, விழுப்புரத்தில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கப் போவதாகவும், திங்கட்கிழமை சேர வேண்டும் என்றும் சொன்னாள். அங்கே மைக்ரோஸ்கோப் உண்டு, ஆனால் வெங்காயத் தோல் பார்க்கிற மைக்ரோஸ்கோப். மானைப் பற்றிய புது எண்ணிக்கையை ஒரு சின்னக் கட்டுரையாக எழுதி இரண்டு இடத்துக்கு அனுப்பினாளாம். இரண்டுமே வேண்டாம் என்றுவிட்டன. புதிதாக எதுவும் இல்லை என்றார்களாம்.

துர்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "என் மேல கோவம் இருக்குதா மேடம்?"

சுலோசனா எதிரே சுவரில் எழுதியிருந்த முறை எண்ணைப் பார்த்தாள்.

"இருக்கு," என்றாள். "போகுமான்னு தெரியல. பொய் சொல்ல வேணாம்னு பாக்குறேன்."

துர்கா தலையாட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இல்லை என்று மேடம் சொல்லியிருந்தால் வந்திருக்கும்.

பெயரைக் கூப்பிட்டார்கள். சுலோசனா எழுந்து அவளுடைய பையையும் செருப்பையும் வாங்கிக்கொண்டாள். ஊசி போட்டு, கண்ணில் கட்டுப் போட்டு வெளியே அனுப்ப ஒரு மணி நேரம் ஆனது. சுலோசனா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைத் துர்காவின் காலருகே வைத்துவிட்டு, கையைப் பிடித்துப் படி இறங்க வைத்து, வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்றை நிறுத்தி, "கருவடிக்குப்பம். ஓரமா உக்கார வைங்க, கண்ணுல கட்டுப் போட்டிருக்காங்க," என்று டிரைவரிடம் சொன்னாள். ஆட்டோ கிளம்புகிற வரை நின்றாள். பிறகு பஸ் பிடிக்க ரோட்டைத் தாண்டிப் போனாள்.